காவல்காரி விடைபெறும் வயது

சிவகாசிப் பக்கத்தில் போய் "மருந்து" என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே மாத்திரையையோ கஷாயத்தையோ நினைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "எந்த மருந்து?" என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். அங்கே வெடிக்குள் அடைக்கிற கலவைக்கும் மருந்து என்றுதான் பெயர். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது என்று பட்டாசு வேலையில் ஆபத்தான பாதி முழுவதும் மருந்து வேலைதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி என்று அந்த மருந்துக்குச் சரக்குகள் பல.

கொல்வதற்கும் மருந்து, பிழைக்க வைப்பதற்கும் மருந்தா என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் வைத்திய சாஸ்திரத்திலேயே இந்தச் சிலேடை நிஜமாக நடந்திருக்கிறது. மலையைப் பிளக்கிற வெடிமருந்து ஒன்று, மாரடைக்கும் வலிக்குக் கைகண்ட மருந்தாக நூறு வருஷத்துக்கு மேல் உபயோகப்பட்டு வருகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று துருவிப் பார்த்தபோது ரத்தக் குழாய்களைப் பற்றிய ஒரு பெரிய ரகசியம் வெளிப்பட்டது. அந்த ரகசியத்தின் ஒரு நுனி, ஸ்திரீகளின் சரீரத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனில் போய் முடிகிறது.

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒவ்வொரு பெண்மணியும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அவரைத் தாயாராகவோ, மனைவியாகவோ, தமக்கையாகவோ உடையவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோபலின் நெஞ்சு வலி

1847-ம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த அஸ்கானியோ சோப்ரெரோ என்ற ரசாயன நிபுணர் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற வஸ்துவைக் கண்டுபிடித்தார். ருசி எப்படி இருக்கிறது என்று ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்துவிட்டது. இதே நைட்ரோகிளிசரினைப் பக்குவப்படுத்தி, 1867-ல் 'டைனமைட்' வெடியாக்கிக் கோடீசுவரர் ஆனவர்தான் ஆல்பிரட் நோபல்.

டைனமைட் தொழிற்சாலைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்களுக்கு அன்று தலைவலி உயிரை வாங்கும். இரண்டொரு நாளில் பழகிப் போகும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். நைட்ரோகிளிசரின் காற்றிலும் தோலிலும் ஒட்டி உடம்புக்குள் போய் ரத்தக் குழாய்களை அகல விரித்ததுதான் காரணம். ரத்தக் குழாயை விரிக்குமென்றால், இருதயத்தின் குழாய்கள் சுருங்கி வரும் வலிக்கு அதையே கொடுத்தால் என்ன? லண்டன் டாக்டர் வில்லியம் மர்ரெல் 1879-ல் அப்படிக் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறது என்று பிரசுரித்தார்.

கடைசிக் காலத்தில் நோபலுக்கே நெஞ்சு வலி வந்தது. டாக்டர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? சாட்சாத் நைட்ரோகிளிசரின்! விதியின் இந்த வேடிக்கையை 1896-ல் அவரே தம் உதவியாளருக்குக் கடிதமாக எழுதினார். அந்த வருஷம் டிசம்பர் 10-ந் தேதி காலமானார்.

மருந்து வேலை செய்கிறது, ஏன் செய்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் எண்பது, தொண்ணூறு வருஷமாயிற்று. உடம்புக்குள் போன நைட்ரோகிளிசரினிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு வெளிப்படுகிறது, அதுதான் குழாயைத் தளர்த்துகிறது என்று 1977-ல் அமெரிக்காவில் பெரிட் முராட் காட்டினார். அதே சமயத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் பர்ச்காட் என்பவர் முயலின் ரத்தக் குழாயை நறுக்கி வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். எந்த மருந்தை விட்டால் குழாய் தளர வேண்டுமோ, அந்த மருந்துக்கு அது தளரவில்லை, சுருங்கியது. ஒரு நாள் எதிர்பாராமல் தளர்ந்தது. என்ன வித்தியாசம் என்று பார்த்தால், அதுவரை குழாயை நறுக்கும்போதெல்லாம் அதன் உட்புறச் சவ்வு தேய்ந்து போயிருக்கிறது. அன்றைக்கு மட்டும் தேயாமல் தப்பியிருக்கிறது! ஆக, குழாயைத் தளர்த்தச் சொல்லும் உத்தரவு அந்த மெல்லிய உள்சவ்விலிருந்துதான் புறப்படுகிறது. இதை 1980-ல் பர்ச்காட் வெளியிட்டார்.

உத்தரவைக் கொண்டு போகும் தூதன் யார்? அதுவும் நைட்ரிக் ஆக்ஸைடுதான் என்று 1986-ல் பர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே அறிவித்தார்கள். 1998-ல் முராட், பர்ச்காட், இக்னாரோ மூவருக்கும் வைத்தியத்துக்கான பரிசு கிடைத்தது. எந்தப் பரிசு? டைனமைட் விற்ற பணத்தில் ஏற்பட்ட நோபல் பரிசு!

ஒரு நைட்ரஜன் அணு, ஒரு பிராணவாயு அணு. அவ்வளவுதான் நைட்ரிக் ஆக்ஸைடு. சில விநாடிகளே அதற்கு ஆயுள். நாம் சாப்பிடும் பருப்பிலும் நிலக்கடலையிலும் உள்ள ஆர்ஜினின் என்ற புரதச் சத்திலிருந்து ரத்தக் குழாயின் உள்சவ்வு அதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

சிவகாசியின் வெடியுப்பிலும் நைட்ரஜனும் பிராணவாயுவும்தான் பொட்டாசியத்துடன் கூடிக் கிடக்கின்றன. அதற்காக யாரும் வெடியுப்பைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம்! அது விஷமாகும். சிவகாசிப் பட்டாசில் நைட்ரோகிளிசரின் கிடையவே கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

காவல்காரி யார்?

இப்போது ஈஸ்ட்ரோஜனுக்கு வருவோம். பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு இரு புறமும் பாதாம் பருப்பு அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பெண் பருவம் எய்துவதிலிருந்து மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகச் சுரப்பது இங்கேதான். அதைப் பிரித்தெடுத்து இன்னதென்று காட்டியவர்கள் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சி, ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனண்ட். இருவரும் 1929-ல் தனித்தனியே அதைச் சாதித்தார்கள்.

கர்ப்பம் தரிப்பதற்கும் பெண்ணின் உடலமைப்புக்கும் உரிய சமாசாரம் என்றுதான் வெகு நாள்வரை இதை எண்ணியிருந்தார்கள். ரத்தக் குழாயின் சுவரிலும் ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் பூட்டுகள் இருக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. இந்தச் சாவி அந்தப் பூட்டில் நுழைந்ததும் என்ன நடக்கிறது?

முதலாவதாக, சில நிமிஷங்களுக்குள் உள்சவ்வு நைட்ரிக் ஆக்ஸைடை அதிகமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. குழாய் தளர்கிறது, ரத்தம் தாராளமாக ஓடுகிறது. இரண்டாவதாக, ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொலஸ்டிராலைக் கல்லீரல் சுறுசுறுப்பாக வாரி அப்புறப்படுத்துகிறது. நல்ல கொலஸ்டிரால் சற்று உயர்கிறது. மூன்றாவதாக, குழாயின் சுவர் தடித்து விறைத்துப் போவது தாமதப்படுகிறது.

பிள்ளைத்தாய்ச்சிகளிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிக அதிகமாகப் பெருகுகிறது. உடம்பிலுள்ள ரத்தத்தின் அளவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அப்படியானால் ரத்த அழுத்தம் எகிற வேண்டுமல்லவா? ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு நடு மாதங்களில் அது சற்றுக் குறையவே செய்கிறது. குழாய்கள் அவ்வளவு இணக்கமாக விரிந்து கொடுக்கின்றன. ஹார்மோன்களும் நைட்ரிக் ஆக்ஸைடும் சேர்ந்து செய்யும் உபகாரம் அது.

ஆண்களுக்கு மாரடைப்பு வருகிற வயதுக்குச் சுமார் பத்து வருஷம் கழித்துத்தான் பொதுவாகப் பெண்களுக்கு வருகிறது. அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 ஆண் பெண்களை 1948 முதல் விடாமல் பரிசோதித்து வந்தார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, அதே வயதில் நிற்காதவர்களைவிட இருதய நோய் அதிகம் என்பதை அங்கே கண்டார்கள். ஆகவே ஈஸ்ட்ரோஜனை ஒரு காவல்காரி என்று சொன்னால் தவறில்லை. சம்பளம் வாங்காத காவல்காரி. ஆனால் ஒரு நாள் சொல்லாமல் விடைபெற்றுக்கொள்கிறவள்.

அவள் விடைபெறும் வயது மேல்நாட்டில் சராசரி 51. நம் நாட்டிலோ 46, 47. நம் பெண்களின் கோட்டை நாலைந்து வருஷம் முன்னதாகவே காவலின்றி நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவு உள்ள பெண்ணுக்கு இந்தக் காவல் முன்பே பலவீனப்பட்டுவிடுகிறது. "எனக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லையே" என்று அவர் தைரியமாக இருக்க முடியாது.

சேவலுக்கு வந்த சோதனை

காவல்காரி போய்விட்டால், மாத்திரையாக வாங்கி உள்ளே அனுப்பிவிட்டால் போகிறது! இப்படித்தான் டாக்டர்களும் நினைத்தார்கள். அந்த நினைப்பு அரை நூற்றாண்டு ஓடி, கடைசியில் தலைகுப்புற விழுந்த கதை சுவாரசியமானது.

1952-ல் சிகாகோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சேவல் குஞ்சுகளுக்குக் கொலஸ்டிரால் கலந்த தீனியைக் கொடுத்தார்கள். இருதயத்தின் குழாய்களில் கொழுப்புப் படிந்தது. கூடவே ஈஸ்ட்ரோஜனும் கொடுத்த குஞ்சுகளுக்கு அந்தக் குழாய்கள் தப்பின. சேவலுக்கு நல்லதென்றால் ஆண்பிள்ளைக்கும் நல்லதுதானே? அமெரிக்காவில் 1960-களில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பு வீங்கியது, ரத்தம் உறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. அதிக அளவு கொடுத்த சோதனையை 1970-லும், குறைந்த அளவு கொடுத்ததை 1973-லும் நிறுத்தினார்கள்.

பெண்களுக்கு மட்டும் மாத்திரை தொடர்ந்தது. சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த 'பிரிமாரின்' என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942 முதல் அமெரிக்காவில் விற்பனையாகி வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மாத்திரை சாப்பிட்டால் பெண்மை என்றும் குன்றாது என்று புத்தகமே எழுதினார். புத்தகமும் அமோகமாக விற்றது, மாத்திரையும் அமோகமாக விற்றது. 1976-ல் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியில், ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று தெரிந்ததும் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

பட்டுப் புடவை கட்டுகிறவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்துச் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "ஐயா, பட்டு வாங்க வசதி உள்ளவர் நன்றாகச் சாப்பிடுவார், நல்ல டாக்டரிடம் போவார், அதனால் வாழ்கிறார்" என்போம். ஹார்மோன் மாத்திரை சமாசாரமும் ஓரளவு அப்படித்தான். தேடிப் போய் மாத்திரை வாங்கியவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்கள்.

உண்மையை அறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் பாதிப் பேருக்கு அசல் மாத்திரையும், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதுதான். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் அப்படிச் செய்தார்கள். 2002-ம் ஆண்டு ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தும்படி ஆயிற்று. ஈஸ்ட்ரோஜனும் புரொஜஸ்டினும் சேர்ந்த மாத்திரையைப் பதினாயிரம் பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டால், இருதய நோய் 7 பேருக்கு அதிகம்; பக்கவாதம் 8 பேருக்கு அதிகம்; நுரையீரலில் ரத்தக் கட்டி 8 பேருக்கு அதிகம்; மார்பகப் புற்று 8 பேருக்கு அதிகம். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த சோதனையும் 2004-ல் நின்றது. அதில் இருதய நோய் கூடவுமில்லை, குறையவுமில்லை, பக்கவாதம் கூடியது.

உலகம் முழுதும் டாக்டர்கள் திகைத்துப் போனார்கள். காவல்காரியே கொள்ளைக்காரி ஆகிவிட்டாளா?

சுவர் இருந்தால்தான் சித்திரம்

விடை மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்தச் சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து கெட்டித்திருக்கும். சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத வேண்டும்? சுவர் நன்றாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதைக் காக்கிறது. பழுதான சுவரில் உள்சவ்வுக்கு அதன் உத்தரவு எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, வாயால் விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் சரக்குகளை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது.

2016-ல் 643 பெண்களிடம் நடந்த சோதனை இதற்குச் சான்றாயிற்று. மாதவிலக்கு நின்று ஆறு வருஷத்துக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்களுக்குக் கழுத்து ரத்தக் குழாயின் சுவர் தடிப்பது மட்டுப்பட்டது. பத்து வருஷம் கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பிரயோஜனம்?

இன்றைய வைத்திய முடிவு இதுதான்: மாரடைப்பைத் தடுப்பதற்கென்று ஹார்மோன் சாப்பிட வேண்டாம். உடம்பு திடீரென்று எரிந்து வியர்ப்பது, தூக்கமின்மை போன்ற தொந்தரவுகள் தாங்க முடியாமல் இருந்தால், அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்மணி டாக்டரின் யோசனைப்படி சாப்பிடலாம். தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வடிவத்தில் எடுத்துக்கொண்டால் ரத்தம் உறையும் பயம் குறைவு.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் 'மாலா-என்' மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், முப்பத்தைந்தைத் தாண்டிய புகைபிடிப்பவர்களும் அதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்வது இந்த உறையும் பயத்தால்தான்.

கர்ப்பப்பையை எடுத்தால் என்ன போச்சு?

காவல்காரி தானாக விடைபெறுவது ஒன்று. நாமே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது இன்னொன்று. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பிள்ளை பெற்றாயிற்று. இனி அது எதற்கு? எடுத்துப் போட்டால் மாசா மாசம் தொந்தரவு தீர்ந்தது" என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் பெண்கள் நம் தேசத்தில் ஏராளம். 2015-16-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் இது மிக அதிகம்.

2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவிலிருந்து வந்த செய்தி நெஞ்சை உலுக்கியது. கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்கள் 82,309 பேரை விசாரித்ததில், 13,861 பேர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். மாதவிலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும், அபராதமும் விழும் என்ற பயம் ஒரு காரணம். புற்று வந்துவிடும் என்று காட்டிய பூச்சாண்டி இன்னொரு காரணம். அவசியமின்றிச் செய்யும் இந்த ஆபரேஷன்களைப் பற்றி ராஜஸ்தானைச் சேர்ந்த டாக்டர் நரேந்திர குப்தா சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். மத்திய சர்க்கார் வகுத்த கண்காணிப்பு விதிகளை எல்லா மாநிலங்களும் கைக்கொள்ள வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

ஆபரேஷனின்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் மறுநாளே ஈஸ்ட்ரோஜன் வற்றிப் போகிறது. அவளுடைய ரத்தக் குழாய்கள் ஐம்பது வயதில் சந்திக்க வேண்டியதை அப்போதே சந்திக்கத் தொடங்குகின்றன. சினைப்பையை விட்டு வைத்தாலும், சிலருக்கு அது சில வருஷம் முன்னதாக ஓய்ந்துவிடுகிறது. நாற்பத்தைந்துக்கு முன் மாதவிலக்கு நின்றவர்களுக்கு இருதய நோய் அதிகம் என்பது பல தேசங்களில் கண்ட உண்மை. இப்படிச் சின்ன வயதில் இழந்தவர்களுக்குத்தான், இயற்கையாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதை டாக்டர்கள் ஆதரிக்கிறார்கள்.

ஆபரேஷனே கூடாது என்று சொல்லவில்லை. புற்றுநோய், நிற்காத ரத்தப் போக்கு, பெரிய கட்டி என்றால் அது உயிரைக் காக்கும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "வேறு வைத்தியம் இல்லையா? சினைப்பையை விட்டு வைப்பீர்களா? எடுத்தால் பின்னால் என்ன கவனிக்க வேண்டும்?" இந்த மூன்றையும் கேட்கப் படிப்பும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

"வாயுத்தான், வேறென்ன?"

விருதுநகர் ஜில்லாவில் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாளிலிருந்து, இந்த ஆபீஸ்களில் பெண்களின் விரல்கள் ஓயாமல் உழைத்து வந்திருக்கின்றன. தீக்குச்சி அடுக்குவது, பெட்டியில் அடைப்பது, சரவெடி பின்னுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. எத்தனை முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி என்று கணக்குப் போடும் வேலை. அங்கே உடம்பு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க நேரம் ஏது?

இது போன்ற பேச்சை அந்தப் பக்கத்து எந்த ஊரிலும் கற்பனை செய்து பார்க்கலாம்:

"என்ன மதினி, முகமெல்லாம் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்லே தாயி. நெஞ்சைக் கரிக்குது. முதுகுக்குள்ளே என்னமோ கவ்வின மாதிரி இருக்கு. வாயுத்தான், வேறென்ன?"

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்."

"போனா இன்னிக்குக் கூலி போச்சே! ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போகும்."

எத்தனையோ மாரடைப்புகள் இந்தச் சோடாவில் கரைந்து போயிருக்கின்றன, கூடவே உயிர்களும். மாரடைப்பு வந்தால் சினிமாவில் வருவது போல் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்று அவசியமில்லை. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதல் அடையாளம் என்றாலும், அதனுடனோ அது இல்லாமலோ மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். "மாரடைப்பு ஆம்பிளைகளுக்கு வருவது" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம் தாமதப்படுகிறது. உலகத்தில் இறக்கும் பெண்களில் மூன்றில் ஒருவரை இருதய, ரத்தக் குழாய் நோய்களே கொண்டு போகின்றன என்றால் நம்ப முடிகிறதா?

பேரிடியான செய்தியைக் கேட்டதும் இருதயம் திடீரென்று பலூன் போல் உப்பிச் செயல் குன்றும் நோய் ஒன்றும் உண்டு. 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் இதை விவரித்து, 'தகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். இருதயம் அந்த வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இது வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பெண்கள். துக்க வீட்டில் ஒரு தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "துக்கம் தாங்கலை" என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

காவல்காரி போனபின் காவல் யார்?

நாம்தான்! வேறு யார் வருவார்கள்?

மாதவிலக்கு நின்ற வருஷத்தை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷமே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கர்ப்பமாயிருந்தபோது ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ வந்தவர்கள் அதுவரை காத்திருக்கவே கூடாது. பிரசவத்தோடு அவை மறைந்தாலும், பின்னாளில் இருதய நோய்க்கு அவை முன்னறிவிப்பு.

குழாயின் உள்சவ்வைச் சுறுசுறுப்பாக்க ஈஸ்ட்ரோஜன் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. வேகமாக நடக்கும்போது ரத்தம் விரைந்து ஓடிச் சவ்வை உரசுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்க வைக்கிறது! நாள் முழுதும் உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்களுக்குக் காலையோ மாலையோ அரை மணி நடை, காசில்லாத மருந்து. கைக்கு ஓயாமல் வேலை இருந்தது என்பதால் காலுக்கும் இருந்ததாக ஆகிவிடாது.

சாப்பாட்டு விஷயத்தில் விருதுநகர் ஜில்லாக்காரர்களிடம் புத்தி சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூர்க் காரச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று எண்ணெய், உப்பு, சர்க்கரை மூன்றுக்கும் மூன்று ஊர்களை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்! அடியோடு விடச் சொல்லவில்லை. விசேஷ நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாமே. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. கரிசல் காட்டுக் கம்பும் குதிரைவாலியும் பருப்பும் கீரையும் தட்டில் கூடட்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையைத் துப்பிவிடுங்கள், மறுபடி எடுக்காதீர்கள்.

வைத்தியத்துக்கு வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2023-ல் ஏற்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தால், நெஞ்சு வலி என்று வருகிறவர்களுக்கு உயிர் காக்கும் முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். இத்தனை இருந்தும், நெஞ்சைக் கரிக்கிறது என்று ஒரு பெண்மணி சொல்லும்போது வீட்டிலுள்ளவர்கள் காது கொடுக்காவிட்டால் என்ன பயன்?

பட்டாசு ஆபீஸில் மருந்து அறைக்குள் போகுமுன் ஆயிரம் நிபந்தனைகள் உண்டு. உரசாதே, சூடாக்காதே, கூட்டம் போடாதே, சிந்தியதை உடனே துடை! அசந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஜாக்கிரதையில் நூற்றில் ஒரு பங்கைத் தங்கள் சொந்த நெஞ்சுக்கும் காட்டினால் போதும்.

தீபாவளி கழிந்து ஆபீஸ்களுக்கு லீவு விடும் நாட்களில் கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகத் திட்டம் போடுவார்கள். அதில் ஒரு காலை வேளையை ஒதுக்கி, மதினியும் கொழுந்தியும் சித்தியும் பெரியம்மாவுமாகச் சேர்ந்தே சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வரட்டும். ஐந்து நிமிஷ வேலை. கூலியும் போகாது.